கூப்பனின் பின்பக்கம்

14.9.2006. கூப்பனின் பின்பக்கத்தைப் படிக்காமல், கூப்பன் கொடுத்த கம்பெனியில்தான் வாங்க வேண்டும் என்று குறிப்பெழுதியது என் தவறு.

மாலையில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகும் பள்ளி எழுத்தர் வினோலியா, நோட்டிலிருந்து நிமிர்கிறாள். அநியாய விலை வைத்த வழக்கில் சமரசமாகி, ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி பள்ளிகளுக்குக் கொடுத்த கூப்பன்கள் மேசையில் படபடக்கின்றன. அவள் குறிப்பை நம்பி, தலைமையாசிரியர் ராயப்பராஜ் அந்தக் கம்பெனிக்கே ஆர்டர் போடப்போகிறார். கம்பெனி ஆளின் விரல் கையெழுத்திடும் இடத்தைத் தொட்டு நிற்கிறது. வெளியே பழனி பஸ் உறுமுகிறது. அவள் கூப்பனைத் திருப்பிக் காட்டுகிறாள். “செத்த பொறுங்க சார். இத வச்சு எந்தக் கம்பெனியிலயும் வாங்கலாம்னு போட்டிருக்கு. வெல கம்மியான எடத்துல வாங்குனா எட்டு கம்ப்யூட்டருக்குப் பதிலா பன்னெண்டு வரும். நாந்தான் தப்பா எழுதிட்டேன்.” பேனா முனை காகிதத்துக்கு மேலே அசையாமல் நிற்கிறது. “ஏமாத்துனவனுக்கே திரும்ப மொய் எழுதப் பாத்தோமாம்மா?” என்கிறார் அவர். கம்பெனி ஆளின் விரல் மெல்ல விலகுகிறது.

வினோலியா நோட்டில் எழுதுகிறாள்: நாளை மூன்று கடைகளில் விலைப்புள்ளி கேட்க வேண்டும்.