ஐந்து கட்டங்கள்

சவுரியம்மாளின் இடது கையிலிருந்து ரத்தம் குழாய் வழியாக டயாலிசிஸ் மெஷினுக்குள் போய்த் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. இன்னும் மூன்று மணி நேரம் அந்தக் கையை அசைக்கக் கூடாது. கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே திண்டிவனத்து வெயில் காய்கிறது. உள்ளே ஏசிக் குளிருக்கு அவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்திருக்கிறாள். கட்டிலோரம் ஸ்டூலில் இசைவாணி. சிகிச்சையால் நோயாளிகளுக்கு என்ன பலன் என்று ஆராய்பவர்கள் அனுப்பிய பெண். "போன ஒரு மாசமா உடம்பு எப்பிடிம்மா இருக்குது?" மடியிலிருக்கும் டேப்லெட் திரையில் ஐந்து கட்டங்கள், 'மிக நன்று' முதல் 'மிக மோசம்' வரை. ஒன்றைத் தொடாமல் அடுத்த கேள்வி வராது.

சவுரியம்மாள் மெஷினைப் பார்க்கிறாள். சிவப்புக் குழாய் மெல்லத் துடிக்கிறது. வாசலில், இடத்துக்குக் காத்திருப்பவர்களின் இருமல். "நல்லாருக்குதுன்னா மிசினை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. மோசம்னா, இவளுக்குப் போட்டு இன்னா புண்ணியம்னுவாங்க." "நீங்க சொல்றது டாக்டருக்குக்கூடப் போகாதும்மா. வைத்தியத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல." சவுரியம்மாளின் வலது கை பக்கத்துக் கட்டிலைக் காட்டுகிறது. அதில் இப்போது வேறொருவர் தூங்குகிறார். "அப்பாதுரையும் நல்லாருக்கேன்னுதான் உங்கிட்ட சொன்னாரு. அப்புறம் ஆளையே காணோம். வூட்டுக்கு அனுப்பிட்டாங்களா?" இசைவாணியின் பட்டியலில் அப்பாதுரையின் பெயருக்கு எதிரே 'நன்று' என்றும், அதற்கடுத்து அவர் இறந்த தேதியும் இருக்கின்றன. திரை தெரியாதபடி டேப்லெட்டை நெஞ்சோடு சாய்த்துக்கொள்கிறாள். "நீயே எதுனா ஒண்ணு அமுக்கிக்கோ பாப்பா" என்கிறாள் சவுரியம்மாள். "மிசினை மட்டும் எடுத்துடாத மாதிரி."