நூலேணி

"லேத்துல மயிரளவு பிசகாம கடையறவன், ஒரு நூல்முடிச்சுப் போடத் துப்பில்லாம போய்ட்டியாடா?" என்றாள் ராமாமணி.

தம்பி பாலுசாமி மேஜைமேல் இரண்டு முழ நீளத்துக்கு நின்றிருந்த மரக்கப்பலை லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது பாய்மரத்தின் நூலேணியில் நேற்று மாலை அவர் கட்டிய பன்னிரண்டு படிகளும் அவிழ்ந்து, நூல்கள் தனித்தனியாகத் தொங்கின.

"நூல் வழுக்குதுக்கா."

"நாலு மாசமாவா வழுக்குது? பூட்டின ஊட்டுக்குள்ள வந்து தெனமும் அவுக்கறது ஆருன்னு நெனைக்கற? அவந்தாண்டா. போறதுக்கு வழி கேக்கறான்."

காபித் தம்ளர்களோடு புவனா அறை வாசலில் நின்றாள். தன் கணவரின் அக்காவுக்கு எதையும் மனசுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது என்பது அவளுக்குப் பழக்கம்தான். ஆனாலும் அந்தச் சொல் எங்கேயோ போய் இடித்தது.

கிருபாசங்கர் புவனாவுக்கும் பாலுசாமிக்கும் ஒரே மகன். ஆறு வருடத்துக்கு முன், வேலை பார்த்த சரக்குக் கப்பலோடு நடுக்கடலில் காணாமல் போனான். கப்பலும் கிடைக்கவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை. கடைசி லீவில் துடியலூர் வீட்டு மாடியறையில் அவன் பாதி கட்டி வைத்துவிட்டுப் போனது இந்தப் பாய்மரக் கப்பல்.

பெரியநாயக்கன்பாளையத்துப் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து, தினமும் ஆறு மணிக்குப் பாலுசாமி இதன்முன் உட்காருவார். கப்பல் முடிந்ததும் பேரூர் ஆற்றங்கரையில் மகனுக்குக் காரியம் செய்துவிடுவதாக அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பலகைகள் ஒட்டி, மெருகேற்றி, மூன்று பாய்மரங்களும் நட்டாயிற்று. மிச்சம் இந்தப் பன்னிரண்டு படிகள்தான்.

"முடிச்சு மேல ஒரு சொட்டுப் பசை வெச்சா நிக்காதா?" என்று கேட்டாள் ராமாமணி.

"எல்லாங் கட்டிப்போட்டு ஒட்டுக்கா ஒரே தடவையா வெச்சுக்கலாம்க்கா."

"என்னமோ பண்ணு. வர்ற அமாவாசைக்குப் பேரூர் போறோம். அதுக்கு மேல அந்தப் பையன அலைய உடாத."

அவிழ்ப்பது யார் என்று புவனாவுக்குத் தெரியும். விடிகாலையில் பாலுசாமி நடக்கப் போகும் அரை மணி நேரத்தில் அவள் மாடியேறுவாள். தையல் ஊசியின் முனையால் ஒவ்வொரு முடிச்சாகத் தளர்த்துவாள். கத்தரியைத் தொடமாட்டாள். மகன் கைபட்ட கப்பலில் எதையும் வெட்ட அவளுக்கு மனம் வராது.

சில நாள், நூலின் மறுமுனையை யாரோ பிடித்துக்கொண்டிருப்பது போல இருக்கும். "விடு கண்ணு, அம்மாதான்" என்பாள். நூல் நெகிழும். அந்தக் கணத்துக்காகவே விடியட்டும் என்று படுக்கையில் விழித்துக் கிடப்பாள்.

பன்னிரண்டு படி பாக்கி இருக்கும்வரை அவன் கடலில்தான் இருக்கிறான். அதற்குமேல் அவள் யோசித்ததில்லை.

அமாவாசைக்கு நான்கு நாள் இருக்கையில் காங்கேயத்திலிருந்து போன் வந்தது. புவனாவின் தங்கைக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன், கூட இருக்க ஆளில்லை.

"நீங்களும் வாங்களேன்" என்றாள் புவனா.

"பட்டறைல வேலை நிக்குது. நீ போய்ட்டு வா அம்மணி. இங்க நான் பாத்துக்கறேன்."

பஸ்ஸில் விரல்விட்டு எண்ணினாள். மூன்று மாலைகள். பன்னிரண்டு படிக்கு ஒரு மாலையே போதும்.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரி பேச்சுக் கொடுத்தாள். "உங்களுக்கு எத்தன கொழந்தைங்கங்க?"

"ஒரே பையனுங்க."

"என்ன பண்றாருங்க?"

"கப்பல்ல இருக்கானுங்க."

சொல்லிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஆறேகால். அங்கே அவர் உட்கார்ந்திருப்பார்.

அமாவாசைக்கு முதல் நாள் மதியம் வீடு திரும்பியவள், பையைக் கூடத்தில் போட்டுவிட்டு நேரே மாடிக்கு ஓடினாள்.

பன்னிரண்டு படிகளும் அவிழ்ந்து தொங்கின.

ஜன்னல் சாத்தியிருந்தது. மின்விசிறி ஓடவில்லை. அவள் கிட்டே போனதும் ஒரு நூல் மட்டும் லேசாக அசைந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மூன்று நாளாக அவள் இந்த ஊரிலேயே இல்லை. அப்படியானால் நாத்தனார் சொன்னது நிஜம். அவன் வந்துபோகிறான். வழி கேட்டு வந்தவனை நான்கு மாதமாக வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தது பெற்றவள்தான்.

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்த பாலுசாமி மேலே வந்தார்.

"ஏனுங்க, இந்த மூணு நாளும் நீங்க கட்டலீங்களா?"

"கட்டுனேனே. தெனமும் ஆறு மணிக்கு."

"பேரூருக்குப் போயரலாமுங்க. நாளைக்கே போயரலாம். பையன் கேக்கறானுங்க."

அவர் அவிழ்ந்த நூல்களைப் பார்த்தார்.

"இத்தன நாளும் அவுத்தது நாந்தானுங்க. உங்ககிட்ட மறைச்சுப்போட்டேன். ஆனா, சத்தியமா இது நானில்லீங்க."

பாலுசாமி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தாழ்ந்த குரலில் சொன்னார்.

"நீ அவுக்கறது எப்பவோ தெரியும் அம்மணி. நீ ஊர்ல இல்லீன்னு, மூணு நாளும் நானே அவுத்துப்போட்டேன்."