முதலிடத்துப் பாட்டு

சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்து, அதில் படர்ந்த கொடியிலிருந்து சின்னமுத்து மிளகு பறிக்கிறார். காலை வெயில் அவர் முதுகில் புள்ளிபுள்ளியாக விழுகிறது. தொண்டையில் அறுவைச் சிகிச்சை ஆனதிலிருந்து அவர் பேசவில்லை. கீழே நிற்கும் மனைவி பழனாயியின் செல்போனில் எழுபதுகளின் பாட்டொன்று ஒலிக்கிறது. அன்று இலங்கை வானொலியின் வாராந்தரப் பாட்டு வரிசையை அறிவிப்பாளர் போலவே சொல்லிக்காட்டி ஊரைக் கூட்டியவர் அவர். அந்தக் குரலுக்காகத்தான் அவள் தாலிக்குக் கழுத்தை நீட்டினாள். இந்தப் பாட்டுக்கு அந்த வரிசையில் எந்த இடம் என்பதில் மட்டும் இருவருக்கும் ஓயாத வழக்கு. "இதுக்கு ரெண்டாம் இடந்தானுங்க," என்று வேண்டுமென்றே சீண்டுகிறாள். மிளகு பறிக்கும் கை நிற்கிறது. கரகரத்த குரல் ஒன்று மேலிருந்து மெல்ல இறங்குகிறது: "நேயர்களே... இந்த வாரம்... முதலிடம்!" பழனாயி அண்ணாந்து பார்க்கிறாள்; கண் கூசுகிறது. "ஆமாங்க, முதலிடந்தானுங்க," என்று அத்தனை வருடத்து வழக்கையும் விட்டுக்கொடுக்கிறாள்.