பேச்சுரிமைக் கூட்டம்

“கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு கோடீஸ்வரன் நாம செல்போன்ல எழுதுற ஆப்பையே விலைக்கு வாங்கிட்டான். அவனுக்குப் பிடிக்காததை நாம எழுதுனா அழிச்சுப்புடுறான். இதுவா பேச்சுரிமை?”

திருப்புல்லாணிப் பந்தலில் உக்கிரபாண்டி முழங்கினார். கைதட்டல் அடங்க நேரமானது.

“மைக் செட்டு நம்ம சொந்தச் செட்டு. யாரு வேணும்னாலும் வந்து பேசுங்க. இங்கன ஒருத்தரும் தடுக்க மாட்டாக!”

கோகிலா மேடையேறி மைக்கைப் பிடித்தாள்.

“அண்ணே, உங்க இறால் பண்ணைத் தண்ணியால எங்க கிணறெல்லாம் உப்பாப் போச்சு…”

மைக் சட்டென்று அடங்கியது.

“அடடா, கரண்ட் போயிருச்சு தாயி” என்று உக்கிரபாண்டி வருத்தப்பட்டார். அவர் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

கோகிலா மைக்கைக் கீழே வைத்தாள்.

“பரவாயில்லண்ணே. தெருத்தெருவாக் கூவி மீன் விக்கிறவளுக்கு மைக் எதுக்கு?”

அது அடுத்த தெரு வரை கேட்டது.