பாதித் தூரம்

"மேல போறப்ப மட்டும் இந்த ஆள் ஏன் ஆமை மாதிரி ஊர்ந்து போறான்?" மேலாளர் திரையைத் தட்டிக் காட்டினார். காலையிலிருந்து இதே கேள்வி.

அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டை எழுதுகிறவளுக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. "சார், அவன் நடக்குற தரையில கட்டமெல்லாம் சதுரம்தான். நாம உசரத்துல இருந்து சாய்வா பாக்குறோம், அதனால திரையில மேல போற தூரம் பாதியா தெரியுது. அவன் முழுத் தூரமும் நடக்குறான்."

"இன்னொரு தடவை சொல்லும்மா."

மரமண்டை என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே மறுபடி சொன்னாள்.

சாயங்காலம் வந்த முதலாளி குதி குதியென்று குதித்தார். "இத்தனை மாசத்துல பாதி வேலைதான் நடந்திருக்கு! யார் காரணம்?"

மேலாளர் தன்னைத்தான் கைகாட்டுவார் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மேலாளர் நிதானமாகச் சொன்னார்: "நம்ம ஆளுங்க முழுசா நடந்துட்டாங்க சார். மேல இருந்து பாக்குறவங்களுக்குத்தான் பாதியா தெரியுது."