நாத்தனார் கழுவிய டப்பா

"அண்ணி, அந்த டப்பாவுல என்ன கொட்டறீங்க?"

நாத்தனார் திடுக்கிட்டுத் திரும்பினாள். கையில் புது பாக்கெட். மேடையில் பான்கேக் மிக்ஸ் வைக்கும் பெரிய டப்பா, கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. அதிலிருந்த மாவெல்லாம் குப்பைக் கூடையில்.

கேட்டவள் அவளுடைய தம்பியின் மனைவி, பள்ளிக்கூட டீச்சர்.

காலையில் அந்த மாவில் சுட்ட பான்கேக்கைத் தின்றுதான் டீச்சரின் குட்டிப் பிள்ளைக்கு உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக வந்து, மூச்சு வாங்கியது. அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ஊசி போட்ட பிறகுதான் பிள்ளை கண்ணைத் திறந்தது.

"மாவு ரொம்ப நாள் ஆனதாம்மா? பூஞ்சை, பூச்சி ஏதாவது இருந்தா சில குழந்தைங்களுக்கு இப்படி ஆகும்" என்றார் டாக்டர்.

"என் அலமாரியில பழசுங்கற பேச்சே கிடையாது டாக்டர். காத்துப் புகாத டப்பா, மேல தேதி ஒட்டியிருப்பேன். வேற யாராவது கை வச்சிருந்தாத்தான் உண்டு" என்றாள் டீச்சர்.

யார் அந்த வேற யாராவது? வீட்டில் இருந்தது ஒரே ஆள்தான். வேலை மாற்றலாகி, வீடு கிடைக்கும்வரை என்று வந்த நாத்தனார். வீடுதான் கிடைத்தபாடில்லை. அதிகம் பேசவும் மாட்டாள். வாயைத் திறக்காத ஆளை எதை வைத்து நம்புவது?

இப்போது கையும் களவுமாக!

"என்னங்க, இங்க வாங்க! வந்து உங்க அக்கா பண்ற வேலையைப் பாருங்க!"

கணவன் ஓடி வந்தான்.

"நாம ஆஸ்பத்திரியில இருந்து வந்து கால்கூடக் கழுவல. அதுக்குள்ள மாவைக் கொட்டி, டப்பாவைக் கழுவி, தடயமே இல்லாம பண்ணியாச்சு. மடியில கனம் இல்லன்னா எதுக்கு இந்த அவசரம்? கேளுங்க!"

"அக்கா, என்ன இது?"

நாத்தனார் தம்பியைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"போன வாரம் ஈரக் கரண்டியை அதுக்குள்ள விட்டுட்டேன்டா. பூஞ்சை பிடிச்சிருக்கும். சொல்ல பயமா இருந்துச்சு."

"பயமா? பிள்ளை உயிரோட விளையாடிட்டு இப்ப வந்து பயம்கறியா!" கணவன் வீடு அதிரக் கத்தினான். "போதும் அக்கா. நாளைக்கே ஒரு ஹாஸ்டலைப் பார்த்துக்கோ."

செருப்பை மாட்டிக்கொண்டு மருந்துக் கடைக்குப் போய்விட்டான்.

டீச்சருக்கு அப்பாடா என்று இருந்தது. நான் அப்பவே நினைச்சேன்! ஆனாலும் மனசு ஆறவில்லை. நாத்தனார் பெட்டியில் துணியை அடுக்கிக்கொண்டிருந்த அறைக்கு நேரே போய் நின்றாள்.

"அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மாவைத் தூக்கிப் போட்டிருப்பேனே. அப்படி என்ன அண்ணி கல்நெஞ்சு?"

நாத்தனார் வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

"இனிமே டப்பா முழுக்கத் தீர்ந்து, கழுவிக் காயவச்ச பிறகுதான் புது பாக்கெட்டைப் பிரிக்கணும், என்ன? பழசு மேலயே கொட்டிக்கிட்டு வராதே. மேல மாவு நல்லாத்தான் இருந்துச்சு. அடியில கட்டி கட்டியா ஒரே நாத்தம். அடுப்புப் பக்கத்து அலமாரி வேற, ஆவியெல்லாம் அதுலதான் அடிக்குது. சுரண்டி எடுக்கறதுக்குள்ள கை விட்டுப் போச்சு."

டீச்சருக்குப் பேயறைந்தது போல் ஆகிவிட்டது. கால் டப்பா மிச்சம் இருக்கும்போதே அவள் புதுசைக் கொட்டுவாள், மேலே புதுத் தேதியை ஒட்டுவாள். எப்போதும் அப்படித்தான். அடியில் கிடந்தது எந்தக் காலத்து மாவோ, அவளுக்கே தெரியாது.

"அப்போ... அந்த ஈரக் கரண்டி?"

"அந்த டப்பாவை நான் இன்னிக்குத்தான் தொட்டேன். டாக்டர் கேட்டதா தம்பி போன்ல சொன்னான், அதான் திறந்து பார்த்தேன்."

டீச்சரின் கண் கலங்கிவிட்டது. "அதைச் சொல்லாம, அவர் அந்தக் கத்து கத்தும்போது ஏன் அண்ணி வாயை மூடிட்டு நின்னீங்க?"

நாத்தனார் பெட்டியைச் சாத்தினாள்.

"எங்கம்மா எப்பவோ ஒருநாள் அவனை ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வர மறந்துட்டாங்க. இன்னிக்கு வரைக்கும் சொல்லிக்காட்டறான். நான்னா நாலு நாள் திட்டுவான், நான்தான் கண்ணுல படாமப் போயிடப் போறேனே. ஆனா நீ அவன்கூட ஆயுசுக்கும் குடும்பம் நடத்தணுமேம்மா!"