இரண்டாயிரம் மைல் பத்தியம்

ஃபேக்டரிக்கு எதிரே இருந்த பட்டறையில், மெக்கானிக் மார்வ் புதுக் காரின் பானெட்டை மூடினான்.

"ஹாலிஸ், வண்டிய எப்படிப்பா ஓட்டுறே?"

"ஐம்பதைத் தாண்டுறதில்லை. இருபது வருஷம் ஓட்டை வண்டியில அலைஞ்சு வாங்கின முதல் புதுக் கார். ஹைவே பக்கமே போகல. இருபது நிமிஷத்துல போற வீட்டுக்கு, சோளக்காட்டு ரோட்டுல சுத்தி ஒரு மணி நேரமா உருட்டிக்கிட்டுப் போறேன்."

"எந்தப் புண்ணியவான் சொன்னது?"

"டுவெய்ன்தான். ஒரே ஷிஃப்ட், பக்கத்து வீடு, சின்ன வயசுலேர்ந்து கூட்டாளி. ஆயிரம் மைல் முடிஞ்சப்பகூட, 'புது எஞ்சின் கைக்குழந்தைடா, இன்னும் ஒரு ஆயிரம் பொறுத்துக்கோ'ன்னான். என் வண்டி மேல அவ்வளவு அக்கறை!"

மார்வ் வாய்விட்டுச் சிரித்தான்.

"அவனா? அவனோட புது வண்டிய மெதுவா ஓட்டுன்னு நான் சொன்னதுக்கு, 'முதல் நாளே விரட்டினாத்தான் எஞ்சின் சொன்னபடி கேக்கும், போய்யா கிழவா'ன்னு என்னையே நக்கலடிச்சான். உன் எஞ்சின் நல்லாப் பழகிடுச்சு. தைரியமா ஹைவேயில போ."

தனக்கு ஒன்று, ஊருக்கு ஒன்றா? ஹாலிஸுக்குப் புரியவில்லை. இருந்தாலும், பத்தியம் முடிந்த சந்தோஷத்தில் மனைவிக்குப் போன் போட்டான்.

"ஆர்லீன், இன்னைக்கு ஹைவேயில வர்றேன்! இருபதே நிமிஷம், வீட்டுல இருப்பேன்!"

மறுமுனையில் போனைக் கையால் பொத்திக்கொண்டு அவள் பதறுவது மட்டும் தெளிவாகக் கேட்டது.

"டுவெய்ன், எந்திரி! அவன் ஹைவேயில வர்றானாம்!"